அதிர்வைக் கேட்டல்

நுழையும்முன்

புயலில் முறிந்த பாய்மரத்தைப் பற்றிக் கதைகள் பல உண்டு. எந்திரத்தின் இடைவிடாத நடுக்கத்தால் விரிசல் கண்ட சிறு குழாயைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை. ஆயினும் கடலில் செல்வோரை இடரில் ஆழ்த்துவதில் முன்னதற்குப் பின்னது சளைத்ததன்று. பாய்மரப் படகின் டீசல் எந்திரத்தில் அதிர்வு எவ்வாறு கேடு விளைக்கிறது, அக்கேட்டின் மூலத்தை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை இக்கட்டுரை பேசுகிறது.

காற்று ஓயும் வேளை

பாய்மரப் படகு காற்றை நம்பி வாழ்வது. காற்று வீசும்வரை அதற்கு எரிபொருள் வேண்டா. ஓசையின்றி, புகையின்றி அது நெடுந்தொலைவைக் கடந்துவிடும். ஆயினும் இன்று நெடுங்கடல் செல்லும் பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே, அறைக்கு இறங்கும் படிகளின் அடியில், ஒரு சிறிய டீசல் எந்திரம் பொருத்தப்பட்டிருக்கிறது. காற்று முற்றும் ஓய்ந்துவிடும் நாள்களில் அது படகை நகர்த்துகிறது. விளக்குக்கும் வானொலிக் கருவிக்கும் வேண்டிய மின்கலங்களில் மின்னேற்றம் செய்கிறது. குறுகிய கால்வாய்களிலும் நெருக்கடி மிகுந்த துறைமுகங்களிலும் படகை வழிநடத்துகிறது. நாள்கணக்கில் உறங்கிக் கிடந்து, வேண்டும்போது மட்டும் எழுப்பப்படுவதால் அதனைத் துணை எந்திரம் என்று அழைப்பர்.

துணை என்று பெயர் பெற்றாலும், அது இயங்கும் நேரங்கள் பயணத்தின் மிக நெருக்கடியான நேரங்களாகவே அமைகின்றன. மாலை மங்கும் வேளையில் ஒரு படகு துறைமுக வாயிலை நெருங்குகிறது என்று கொள்வோம். பாய்கள் சுருட்டப்பட்டுவிட்டன. ஒருபுறம் அலைதடுப்புச் சுவரின் கற்கள். மறுபுறம் வெளியேறி வரும் ஒரு கப்பல். ஓதநீர் படகைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அந்நேரத்தில் எந்திரம் இருமுறை திணறி நின்றுவிடுமானால் என்னாகும்? பாயை மீண்டும் விரிக்கச் சில நிமிடங்கள் வேண்டும். கற்களில் மோதச் சில நொடிகள் போதும். நங்கூரம் ஆயத்தமாக இருந்தால் ஒருவேளை பிழைக்கலாம்.

இத்தகைய நிறுத்தத்திற்கு எந்திரத்தின் பெரிய உறுப்பு எதுவும் உடைந்திருக்க வேண்டியதில்லை. எரிபொருள் செல்லும் மெல்லிய குழாயில் மயிரிழை அளவு விரிசல் விழுந்து, அதன் வழியே காற்று உட்புகுந்தாலே போதும். டீசல் எந்திரம் நின்றுவிடும். அந்த விரிசலை உண்டாக்கியது ஒரே ஓர் அடியோ மோதலோ ஆகாது. பல நூறு மணி நேரம் தொடர்ந்த அதிர்வே அதற்குக் காரணம்.

வெடிப்பில் பிறக்கும் ஆற்றல்

டீசல் எந்திரம் ஏன் இவ்வளவு அதிர்கிறது என்பதை அறிய அதன் பிறப்பை அறிதல் வேண்டும். செருமானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் தம் எந்திரத்திற்கான காப்புரிமையை 1892இல் கோரினார். பல தோல்விகளுக்குப் பின், 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எந்திரம் அறிஞர்கள் முன்னிலையில் வெற்றியுடன் இயங்கியது. ஒரே உருளை கொண்ட அவ்வெந்திரத்தின் உயரம் ஏறத்தாழ 3 மீட்டர். பிற்காலத்தில் உலகின் கப்பல்களையெல்லாம் இயக்கப்போகும் எந்திரத்தைப் படைத்த அவர், 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலிருந்து இரவில் காணாமற்போனார். கடலே அவரைக் கொண்டது.

பெட்ரோல் எந்திரத்தில் தீப்பொறி உண்டாக்கும் பிளக் உண்டு. டீசல் எந்திரத்தில் அது இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்கிறது. அந்நேரத்தில் எரிபொருள் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட, அது தானே பற்றிக்கொள்கிறது. உருளைக்குள் அழுத்தம் சட்டென உயர்வதால் டீசல் எந்திரத்திற்கே உரிய ‘டக், டக்’ என்னும் ஓசை எழுகிறது. அந்த ஓசை செவிக்கு எட்டும் அதே நொடியில், எந்திரத்தின் உடல் முழுவதும் ஒரு சிறு உதை பரவுகிறது.

பேருந்தின் எந்திரத்தில் நான்கு அல்லது ஆறு உருளைகள் இருக்கும். ஒன்றின் உதையை மற்றொன்று பெருமளவு ஈடுசெய்துவிடும். சிறிய பாய்மரப் படகிலோ ஒன்று, இரண்டு அல்லது மூன்று உருளைகளே உள்ளன. பிஸ்டன் மேலேறி நின்று, திசை மாறி, கீழிறங்கி நின்று, மீண்டும் திசை மாறும் ஒவ்வொரு முறையும் எந்திரம் மேலும் கீழும் குலுங்குகிறது. கனத்த சுழற்சக்கரம் ஒன்று இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு தணிக்கும், முற்றும் நீக்காது. மேலும், கண்ணாடி இழையால் ஆன படகின் உடல் மெல்லியது. மத்தளத்தின் தோலைப் போல அது எந்திரத்தின் அதிர்வை வாங்கிப் படகெங்கும் பரப்புகிறது. அலமாரியில் உள்ள கோப்பைகள் கலகலக்கும் ஓசையைக் கொண்டே எந்திரம் ஓடுவதைப் படகில் இருப்போர் அறிந்துகொள்வர்.

சோர்வடையும் உலோகம்

மெல்லிய கம்பி ஒன்றை முறிக்க விரும்பும் சிறுவன் அதனை இழுத்துப் பார்ப்பதில்லை. ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைக்கிறான். முதல் வளைவில் எதுவும் நிகழ்வதில்லை. பத்தாவது வளைவில் அவ்விடம் சூடாகிறது. பிறகு ஒரு நொடியில் கம்பி இரண்டாகிறது. ஒரே முறை சுமத்தினால் எளிதாகத் தாங்கிவிடக் கூடிய விசை, பல்லாயிரம் முறை மாறி மாறிச் செயல்படும்போது உலோகத்தை முறித்துவிடுகிறது. இதனை உலோகச் சோர்வு என்பர்.

இந்த உண்மையை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1842 மே 8 அன்று, பிரான்சின் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய தொடர்வண்டி ஒன்றில் எந்திரப் பெட்டியின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் தூமோன் துர்வில் என்னும் கடலோடி. பாய்மரக் கப்பல்களில் தென்துருவப் பனிக்கடலின் விளிம்புவரை சென்று மீண்டவர் அவர். பனிப்பாறைகளுக்கு நடுவே உயிர்பிழைத்த அவர், முறிந்துபோன ஓர் இரும்பு அச்சினால் மனைவியோடும் மகனோடும் உயிரிழந்தார்.

அச்சுகள் ஏன் முறிகின்றன என்னும் வினாவுக்கு விடை தேடியோரில் செருமானிய இரயில்வேப் பொறியாளர் அகஸ்ட் வோலர் முதன்மையானவர். 1850களிலும் 1860களிலும் அவர் அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சுழற்றி ஆய்ந்தார். எஃகுக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. விசை அந்த எல்லைக்குக் கீழே இருந்தால், எத்தனை முறை செயல்பட்டாலும் எஃகு பெரும்பாலும் முறிவதில்லை என்று கண்டார். செம்புக்கும் அலுமினியத்திற்கும் இத்தகைய தெளிவான எல்லை இல்லை. சிறிய விசையும் போதிய முறை செயல்பட்டால் அவற்றை முறித்துவிடும். படகின் எரிபொருள் குழாய்கள் பல செம்பால் ஆனவை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

செம்புக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அடிக்க அடிக்க, வளைக்க வளைக்க அது இறுகும், இறுகியது நொறுங்கும். செப்புப் பாத்திரம் செய்யும் தொழிலாளர் இதனை நன்கு அறிவர். சிறிது நேரம் தட்டியபின் பாத்திரத்தை நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, அதன் இளக்கத்தை மீட்டுக்கொண்ட பிறகே மேலும் தட்டுவர். எந்திரத்தின் அதிர்வு படகின் செப்புக் குழாயை ஓயாது தட்டிக்கொண்டே இருக்கிறது. அதனை எடுத்துக் காய்ச்சி இளக்குவார் இல்லை.

தெரிந்து தெளிவோம்

எந்திரம் நிமிடத்திற்கு 1,800 முறை சுழல்கிறது எனக் கொண்டால், நொடிக்கு 30 சுழற்சிகள் ஆகின்றன. ஒரு மணி நேரத்தில் அவை 1,08,000. நூறு மணி நேரத்தில் 1 கோடியே 8 இலட்சம். சுழற்சிக்கு ஒருமுறை ஒரு குழாய் அசைந்தாலும், நூறு மணி நேரப் பயணத்தில் அது ஒரு கோடி முறைக்கு மேல் வளைந்து நிமிர்ந்துவிடுகிறது.

அதிர்வு தேடும் இடங்கள்

அதிர்வு எல்லா இடத்தையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. அசையும் ஒன்றும் அசையாத ஒன்றும் சந்திக்கும் இடத்தையே அது தேடிச் செல்கிறது. எந்திரம் இரப்பர் தாங்கிகளின்மேல் குலுங்குகிறது. எரிபொருள் தொட்டியோ படகின் உடலோடு அசையாமல் நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் குழாய் தன் முனைகளில் முழு அசைவையும் தாங்குகிறது. எனவே விரிசல் குழாயின் நடுவில் விழாமல், இணைப்பை ஒட்டிய கழுத்துப் பகுதியில் விழுகிறது.

இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் எரிபொருள் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய்களை ஒன்றோடொன்று பிணைக்கச் சிறு கவ்விகள் உண்டு. பழுதுபார்க்கக் கழற்றியவர் அவற்றை மீண்டும் பூட்ட மறந்துவிட்டால், குழாய்கள் தனித்தனியே துடித்து விரைவில் விரிசல் காணும். மின்னாக்கம் செய்யும் ஆல்டர்னேட்டர் கனமானது. எந்திரத்தின் பக்கத்தில் ஒரு தாங்கு பட்டையில் தொங்கும் அது, குலுங்கும் ஒவ்வொரு முறையும் பட்டையின் போல்ட்டுத் துளையைச் சுற்றியுள்ள உலோகத்தை வளைக்கிறது. மின்கம்பிகள் கூரிய விளிம்பில் உராய்ந்து தம் உறையை இழக்கின்றன. கடல்நீரைக் குளிர்விப்புக்காக உள்ளே கொண்டுவரும் இரப்பர் குழாய் ஏதேனும் ஒரு முனையில் உரசினால் விளைவு இன்னும் கொடியது. அது கிழிந்தால் எந்திரம் சூடேறுவதோடு நில்லாது, கடலே படகுக்குள் புகும்.

இறுக்கிய நட்டுகளும் அதிர்வுக்குத் தப்புவதில்லை. இணைக்கப்பட்ட இரு பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் நுண்ணிய அளவு வழுக்கும்போது, நட்டு தானாகவே சிறிது சிறிதாகத் தளர்கிறது. தளர்ந்த இணைப்பில் அசைவு கூடுகிறது. கூடிய அசைவு மேலும் தளர்த்துகிறது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு. எஃகு போல்ட்டின் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய பொடி காணப்படும். இரு பரப்புகள் உரசித் தேய்ந்து துருவாகி வெளிவந்த துகள் அது. அந்தப் பொடியைத் துணியால் துடைத்துவிட்டுச் செல்பவர் உண்டு. நின்று அதன் காரணத்தைக் கேட்பவரும் உண்டு.

நோயின் முதல்

இதனை ஒரு படகோட்டியின் நிலையில் வைத்துக் காணலாம். அவருடைய படகில் ஆல்டர்னேட்டரின் தாங்கு பட்டை முறிகிறது. கரை சேர்ந்ததும் பட்டறைக்குக் கொண்டுசென்று பற்றவைத்துக்கொள்கிறார். சில வாரங்களில் பற்றவைத்த இடத்தின் அருகிலேயே அது மீண்டும் முறிகிறது. ‘உலோகம் போதவில்லை’ என்று எண்ணி இருமடங்கு தடித்த பட்டை ஒன்றைச் செய்வித்துப் பொருத்துகிறார். இம்முறை பட்டை நிலைத்து நிற்கிறது. ஆனால் அதனைத் தாங்கிய போல்ட்டு வெட்டுண்டு விழுகிறது. இன்னும் வலிய போல்ட்டைத் தேடிக் கடை கடையாக அலைகிறார். ஒவ்வொரு முறையும் உடைந்த இடத்தை மட்டும் வலுப்படுத்தினார்; அதிர்வோ அடுத்த மெலிந்த இடத்திற்கு நகர்ந்தது. செலவு கூடியதே தவிர நோய் குறையவில்லை.

நான்காம் முறை அவர் திருகுசாவியைக் கீழே வைக்கிறார். கையில் விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு எந்திர அறைக்குள் படுத்து, உடைந்த பட்டையைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காண்கிறார். முன்பக்கத்து இரப்பர் தாங்கிகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ்ந்து, ஊறிய அப்பளம் போல உப்பி, பளபளவென்றிருக்கிறது. விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. மேலே நோக்குகிறார். எரிபொருள் வடிகட்டியின் சிறு திருகாணி ஒன்றின் அடியில் ஒரு துளி டீசல் திரண்டு நிற்கிறது. அது விழும், சிறிது நேரத்தில் இன்னொன்று திரளும்.

இப்போது சங்கிலி முழுவதும் புலப்படுகிறது. துளித்துளியாக விழுந்த டீசல் இரப்பரை இளக்கியது. தாங்கி தாழ்ந்ததால் எந்திரம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதனோடு இணைந்த சுழல்தண்டு நேர்கோட்டிலிருந்து விலகியது. விலகிய தண்டு ஒவ்வொரு சுழற்சியிலும் எந்திரத்தை உலுக்கியது. அந்த உலுக்கலை எல்லாரினும் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஆல்டர்னேட்டர் முதலில் வாங்கியது; பட்டை முறிந்தது. முறிந்த பட்டையில் தொடங்கிய தேடல் ஒரு துளி எண்ணெயில் வந்து நிற்கிறது. அதற்கு வேண்டிய மருந்து ஒரு சிறிய செப்பு வளையமும் ஒரு புதிய இரப்பர் தாங்கியும் மட்டுமே.

நோய் இன்னதென்று அறிவதோடு நில்லாமல், அது எதனால் வந்தது என்பதையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் நெறி. உடலுக்குச் சொன்ன அந்நெறி எந்திரத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

எங்கிருந்து வருகிறது நடுக்கம்?

அதிர்வின் மூலத்தைத் தேடுவதற்கு எளிய சோதனைகள் சில உள்ளன. படகைக் கரையில் கட்டிவைத்து, கியரைச் சேர்க்காமல் எந்திரத்தை மட்டும் ஓட்டிப் பார்ப்பது முதற்சோதனை. அப்போதே நடுக்கம் மிகுதியாக இருந்தால் குறை எந்திரத்திலோ அதன் தாங்கிகளிலோ உள்ளது. மெதுவாக ஓடும்போது சீரற்றுத் துள்ளினால், ஓர் உருளைக்குச் செல்லும் எரிபொருள் குறைந்து மற்ற உருளைகளே சுமையை இழுக்கின்றன என்று ஐயுறலாம். கியரைச் சேர்த்தவுடன் மட்டும் நடுக்கம் தோன்றினால், தண்டையோ அதன் முனையில் நீரைத் தள்ளும் விசிறியையோ நாட வேண்டும். விசிறியின் ஓர் இதழ் வளைந்திருக்கலாம். மீன்பிடி வலையின் கயிறு சுற்றியிருக்கலாம். நெடுநாள் நின்ற படகாயின் இதழ்களில் சிப்பி போன்ற சிற்றுயிர்கள் ஒட்டி வளர்ந்து அதன் சமநிலையைக் கெடுத்திருக்கலாம்.

அடுத்த சோதனையில் எந்திரத்தின் வேகம் சிறிது சிறிதாக உயர்த்தப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தாங்கு பட்டையோ குழாயோ கடுமையாகத் துடிக்கும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் அத்துடிப்பு அடங்கிவிடும். இயற்பியல் பாடத்தில் ஒத்ததிர்வு என்று கற்பது இதுவே. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு இயைந்து தள்ளினால், சிறு விசையும் அதனை உயரே கொண்டுசெல்லும். எந்திரத்தின் அதிர்வெண்ணும் பட்டையின் இயல்பு அதிர்வெண்ணும் இயைந்துவிட்டால் பட்டைக்கும் அதுவே நேர்கிறது. அவ்வேகத்தில் மணிக்கணக்கில் படகை ஓட்டாமலிருப்பதே உடனடித் தீர்வு. பட்டைக்கு மற்றொரு முட்டுக்கொடுத்து அதன் அதிர்வெண்ணை மாற்றியமைப்பது நிலையான தீர்வு.

ஒரு தாளின் தடிமன்

எந்திரத்தின் பின்புறமும் சுழல்தண்டும் இரு வட்டத் தட்டுகளால் இணைக்கப்படுகின்றன. இரு தட்டுகளும் முகத்தோடு முகம் ஒத்துப் பொருந்த வேண்டும். இதனைச் சரிபார்க்க, இணைப்பு போல்ட்டுகளைக் கழற்றி, தட்டுகளை மெல்ல அருகருகே கொண்டுவந்து, ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய எஃகுத் தகடுகளை இடைவெளியில் செருகி அளப்பர். மேலும் கீழும், இடமும் வலமும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டுக்கு 0.1 மில்லிமீட்டர் வேறுபாடுவரை ஏற்கலாம் என்பது தொழிலில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அது ஏறத்தாழ ஓர் ஏட்டுத்தாளின் தடிமன். பல நூறு கிலோ கிராம் எடையுள்ள பொருள்களைத் தாங்கிகளின் நட்டுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி ஒரு தாளின் தடிமனுக்குள் கொண்டுவர வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இப்பணி கைவராது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. கரையில் தாங்குகட்டைகளின்மேல் நிற்கும் படகின் உடல் ஒருவகையாக வளைந்திருக்கும். நீரில் மிதக்கும்போது அது வேறுவகையாக அமையும். பாய்மரத்தின் கம்பிவடங்களை இறுக்கினாலும் உடலின் வடிவம் சிறிது மாறும். ஆகவே கரையில் மிகத் துல்லியமாகச் செய்த பணி, படகு நீரில் இறங்கியதும் பொய்த்துவிடலாம். படகை நீரில் இறக்கி, வடங்களை இறுக்கி, ஓரிரு நாள் கழித்தே இறுதியாக அளந்து பார்ப்பர். ஒரு பொருளை அது வாழும் இடத்தில் வைத்தே அளக்க வேண்டும் என்பது இத்தொழில் கற்பிக்கும் பாடம்.

இறுக்கமும் இளக்கமும்

அதிர்வை முற்றும் அடக்கிவிட முடியாது. அதற்கு எங்கு இடங்கொடுப்பது, எங்கு இடங்கொடாமலிருப்பது என்று தீர்மானிக்க மட்டுமே முடியும். எந்திரத்தை இரப்பர் இன்றிப் படகின் உடலோடு இறுகப் பிணைத்தால், ஒவ்வொரு உதையும் படகையே தாக்கும். இரப்பர் மிகவும் இளகியதாக இருந்தால், எந்திரம் துள்ளித் தன்னோடு இணைந்த குழாய்களை அறுக்கும். எனவே எந்திரத்தின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற இரப்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குழாய்களுக்கும் இதுவே நெறி. எந்திரத்தில் பொருந்திய குழாய் எந்திரத்தோடு சேர்ந்தே அசையுமாறு அதன்மேலேயே கவ்விகளால் பிணைக்கப்பட வேண்டும். படகின் உடலில் செல்லும் குழாய் உடலோடு பிணைக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் இடையில் மட்டும், எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட வளையும் இரப்பர் குழாய் ஒரு துண்டு தேவை. கவ்விகளின் உட்புறத்தில் இரப்பர் உறை இருந்தால் கவ்வியே குழாயை அரிக்காது. நட்டுகளுக்கு நைலான் வளையம் பதித்த வகையையோ, மரையில் இட்டதும் உறைந்து பிடித்துக்கொள்ளும் திரவத்தையோ பயன்படுத்தலாம். இறுக்கிய நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து வண்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிடுவது இன்னும் எளிய முறை. பின்னொரு நாள் அந்தக் கோடு முறிந்து இரண்டாகத் தெரிந்தால், நட்டு நகர்ந்துவிட்டது என்று ஒரே பார்வையில் அறியலாம்.

பட்டறை இல்லாக் கடல்

கரையில் எந்திரம் பழுதானால் பட்டறைக்கு எடுத்துச் செல்லலாம். நடுக்கடலில் படகில் இருப்பவரே பட்டறை. இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட ஆறு பெண் அலுவலர்கள் உலகைச் சுற்றி, 254 நாள்களுக்குப் பின் 2018 மே மாதம் திரும்பினர். ஏறத்தாழ 21,600 கடல்மைல் தொலைவு கொண்ட அப்பயணத்தின் இறுதிப் பகுதியில், திசைமாற்றும் அமைப்பில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்ய அவர்கள் மொரிசியசில் ஒதுங்க நேர்ந்தது. எவ்வளவு சிறந்த படகாயினும் நெடும்பயணம் அதன் ஒவ்வோர் உறுப்பையும் சோதித்துப் பார்க்கும். பாய் விரிக்கக் கற்பதோடு பழுது நீக்கவும் கற்றவரே அத்தகைய பயணத்தை முடிக்க இயலும்.

தூத்துக்குடித் தோணிகளின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. நெடுங்காலம் பாய்களை மட்டுமே நம்பி இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற மரக்கலங்கள் அவை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றில் டீசல் எந்திரங்கள் இடம்பெற்றன. காற்றுக்காகக் காத்துக் கிடந்த நிலை மாறியது. பலகைகளின் இடைவெளியில் பஞ்சு அடைத்துக் கலப்பத்துப் பார்க்கவும், கிழிந்த பாயைத் தைக்கவும் அறிந்திருந்த மாலுமிகள், எந்திரத்தின் நடுக்கத்தையும் அறிய வேண்டியவராயினர்.

அனுபவம் மிக்க எந்திரப் பணியாளர் எந்திர அறைக்குள் நுழைந்ததும் கருவிகளை எடுப்பதில்லை. முதலில் எந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைக்கிறார். பிறகு நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை எந்திரத்தின் உடலில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கிறார். மருத்துவர் மார்பின் துடிப்பைக் கேட்பது போன்றது அது. நேற்றைய ஓசைக்கும் இன்றைய ஓசைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் செவி பிரித்தறிகிறது. பயணக் குறிப்பேட்டில் எந்திரம் ஓடிய மணி நேரம், சேர்த்த எண்ணெயின் அளவு, இறுக்கிய நட்டு என்று ஒவ்வொன்றாக எழுதிவைக்கிறார். ஒருநாள் குறிப்பில் ஒன்றும் தெரியாது. மூன்று மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது, ஒரே நட்டு நான்கு முறை தளர்ந்திருப்பது தெரியவரும். அப்போது அவர் நட்டை விட்டுவிட்டு அதனைத் தளர்த்துவது எது என்று தேடத் தொடங்குகிறார்.

பெரிய அலைகளைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. அந்த அச்சம் கடலோடியை விழிப்புடன் வைத்திருக்கிறது. நாள்தோறும் உடனிருக்கும் சிறு நடுக்கமோ விரைவில் பழகிப்போகிறது, பழகிப்போனது கேட்பதில்லை. விரிசல் வளர்வது அந்தக் கேளாமையில்தான். கருவிகளையும் உதிரி உறுப்புகளையும் விலைகொடுத்து வாங்கலாம். பழகிய ஓசையைப் புதிதாகக் கேட்கும் செவியை நாள்தோறும் பயிற்சியால்தான் பெற வேண்டும். அத்தகைய செவியுள்ள ஒருவர் படகில் இருந்தால், மாலை மங்கும் வேளையிலும் துறைமுக வாயிலை அச்சமின்றிக் கடக்கலாம்.

சொற்பொருள்
ஓதநீர் – ஏற்ற இறக்கத்தால் பெருகிப் பாயும் கடல்நீர்
கலப்பத்து – மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைத்து நீர் புகாமல் செய்தல்
வடம் – தடித்த கயிறு, முறுக்கிய கம்பி
திருப்புளி – திருகாணியைத் திருப்பும் கருவி

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊரில் உள்ள எந்திரப் பழுது நீக்குநர் ஒருவரைச் சந்தித்து, ஓசையைக் கொண்டே அவர் பழுதினை அறியும் முறையைக் கேட்டறிந்து குறிப்பெடுக்க.
2. வீட்டில் பயன்படுத்தும் தையல் எந்திரம், நீரேற்றும் மோட்டார், மிதிவண்டி ஆகியவற்றுள் ஒன்றில் அதிர்வால் தளரும் இடங்களைக் கண்டு பட்டியலிடுக.

குறுவினா
1. உலோகச் சோர்வு என்றால் என்ன?
2. எஃகு போல்ட்டைச் சுற்றிக் காணப்படும் செம்பழுப்புப் பொடி எதனை உணர்த்துகிறது?

சிறுவினா
1. தண்டின் இணைப்பைப் படகு நீரில் மிதக்கும்போதே இறுதியாக அளக்க வேண்டும். ஏன்?
2. ஒத்ததிர்வினால் தாங்கு பட்டை பழுதாகும் விதத்தை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா
உடைந்ததை மாற்றுவதற்கும் உடைந்ததன் மூலத்தைக் களைவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விவரித்து, அதனை அன்றாட வாழ்வின் நிகழ்வு ஒன்றோடு பொருத்தி எழுதுக.